யாழ்ப்பாணத்திலிருந்து ஃப்ரீலான்ஸ்: காசு வரும் பாதையை முதலில் போடுங்கள்

வெளிநாட்டு வேலைகள் கிடைக்கும் இணையத்தளங்களான ஃபைவரிலோ அப்வேர்க்கிலோ கணக்குத் திறக்க அதிக நேரம் எடுக்காது. முதல் வேலையை முடித்துவிட்டுக் காசை எடுக்கப் போகும்போதுதான் பலர் முட்டுப்படுகிறார்கள். அதனால் வேலை தேட முதலே இந்தப் பக்கத்தைச் சரிக்கட்டி வையுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெரிய தலையிடி பெயர். வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் அதே பெயர் முழுதாக இருக்கும். தளம் கேட்பதோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். முகநூலில் பாவிக்கிற பெயரை அதில் போட்டால், அடையாளம் சரிபார்க்கிற நாளில் கணக்கு நின்றுவிடும். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ, தளம், பேயோனியர் (வெளிநாட்டுக் காசை வாங்கி வங்கிக்கு அனுப்பும் இணையச் சேவை), வங்கி மூன்றிலும் அதே இருக்கட்டும். தர்சனுக்கு ஓரிடத்தில் ‘எச்’ போட்டு இன்னோரிடத்தில் விடுவதும் பிரச்சினைதான். பழைய லமினேட் அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. கடவுச்சீட்டோ புதிய ஸ்மார்ட் அட்டையோ வேண்டும். முகவரிக்கும் சான்று கேட்கலாம். வீட்டுக் கரண்ட் பில் அநேகமாக அப்பாவின் பெயரிலோ அப்பப்பாவின் பெயரிலோ இருக்கும். உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் உள்ள வங்கிக் கணக்குக் கூற்று ஒன்றை எடுத்து வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

பேபாலை நம்பி இறங்க வேண்டாம். இலங்கைக் கணக்குகள் நீண்டகாலமாகக் காசு கட்டத்தான் உதவின, வாங்க உதவவில்லை. ஃபைவர் காசு பேயோனியர் வழியாக உள்ளூர் வங்கிக்கு வரும். அப்வேர்க்கிலிருந்து நேரடியாகவே வங்கிக்கு எடுக்கலாம். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் போகும் என்பதால் பத்துப் பதினைந்து டொலராக எடுக்காமல் சேர்த்து எடுங்கள்.

அடுத்தது, என்ன விற்பது. ‘கிராபிக் டிசைன் செய்வேன்’ என்று போட்டால் உலகத்தில் பாதிப் பேரோடு போட்டி. ஒடுக்கமாகப் போங்கள். கனடா, லண்டன் தமிழ்ச் சங்கங்களிடமும் கோவில்களிடமும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மலர்கள் கிடக்கின்றன. அவற்றை எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோடாக்குவது இங்கே அச்சகத்தில் வேலைபார்த்த ஒருவருக்குக் கைவந்த வேலை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அதனால் மாற்றும் கருவிக்கு எது உண்மையான ஆங்கிலச் சொல் என்று தெரியாது. இடையில் வந்த மின்னஞ்சல் முகவரியையும் வாயில் நுழையாத தமிழாக்கிவிடும். கருவியில் போட்டு அப்படியே கொடுப்பவருக்கும், மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுக் கொடுப்பவருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் வேலை என்றால் ஈழத்தமிழா, தமிழ்நாட்டு வழக்கா என்று தொடங்க முதலே கேளுங்கள். இல்லாவிட்டால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அப்வேர்க்கில் விண்ணப்பிக்கக் கனெக்ட் என்ற, காசுக்கு வாங்கும் புள்ளிகள் செலவாகும். ஒன்று 0.15 டொலர்; 12 கனெக்ட் கேட்கும் வேலைக்கு 1.80 டொலர். கண்டபடி விண்ணப்பிக்காமல், வேலை தருபவர் கட்டண முறையை உறுதிப்படுத்தியிருக்கிறாரா, முன்பு யாரையாவது எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஏற்கெனவே 50 பேர் விண்ணப்பித்த வேலையை விட்டுவிடலாம். பட்டியலில் அவருக்குத் தெரிவது உங்கள் கடிதத்தின் முதலிரண்டு வரிதான். ‘நான் கடின உழைப்பாளி’ அந்த இடத்தை வீணாக்கும். ‘உங்கள் 40 பக்கத்தையும் யூனிகோடாக்கி, ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியே சரிபார்த்து வெள்ளிக்கிழமை தருவேன்’ என்றால் பதில் வர இடமுண்டு.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். ஃபைவர் 20 வீதம் எடுக்கிறது. கையில் 40 டொலர் வரவேண்டுமானால் 50 கேட்க வேண்டும். அப்வேர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வீதம் வரை. எவ்வளவு என்று விண்ணப்பிக்கும்போதே காட்டும். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் விலையோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் திருத்தம் முடியவே முடியாது.

அப்வேர்க்கின் நிலையான விலை வேலையில், மைல்ஸ்டோனுக்கு (வேலையின் ஒரு கட்டத்துக்கு) காசு போடப்பட்டிருப்பதைக் கண்ட பிறகே கைவையுங்கள். வேலையைச் சமர்ப்பித்தபின் வேலை தந்தவர் 14 நாள் பேசாமல் இருந்தால் காசு தானாக விடுபடும். அதற்குமேல் இன்னும் 5 நாள் தளத்திலேயே நிற்கும். ஃபைவரில் புதியவர்களுக்கு, வேலை முடிந்தபின் 14 நாள். கரண்ட் பில்லைக் கட்ட இந்தக் காசை எதிர்பார்ப்பவர் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அப்வேர்க்கின் மணிக்கணக்கு வேலையில் நேரத்தைப் பதியும் ட்ராக்கர் திரையைப் படமெடுக்கும், திறந்து கிடக்கும் வட்ஸ்அப்பும் அதில் விழும். கையால் எழுதிச் சேர்த்த மணிக்குத் தளத்தின் கட்டணப் பாதுகாப்பு இல்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள், மின்வெட்டில் இணையமாவது தொடர்ந்து ஓடும்.

டொரன்டோவில் காலை 9 மணி, இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. செய்திகளுக்கு அந்த நேரத்தில் பதில் போட்டால் போதும். இரவிரவாக விழித்திருக்கத் தேவையில்லை.

டெலிகிராமுக்கு வா, பதிவுக் கட்டணம் கட்டு, உன் கணக்கை மாத வாடகைக்குத் தா என்று கேட்பவர் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் விடுங்கள். கடைசியில் பூட்டப்படுவது உங்கள் கணக்கு. தம்பியின் பெயரில் இன்னொன்று திறந்து நீங்களே வேலைசெய்வதும் விதிமீறல்தான்.

வரியையும் மறக்கக்கூடாது. 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் சேவை செய்து வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து வங்கி வழியாகக் கொண்டுவரும் வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம் இருப்பதால் தொடக்கத்தில் பெரும்பாலோர் கட்ட வேண்டிவராது. ஆனாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, தளத்தின் வருமான அறிக்கையையும் வங்கிக் கூற்றையும் மாதாமாதம் இறக்கி ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.