சுகர் மாத்திரை கூடிக்கொண்டே போகிறதா? சி-பெப்டைடு டெஸ்ட் எடுத்துப் பார்க்கும் முறை

என் அண்ணனுக்கு 38 வயதில் சுகர் வந்தது. ஆள் ஒல்லி. இரண்டு வருடம் மாத்திரை கூடிக்கொண்டே போனது, எடை குறைந்துகொண்டே போனது, "வாயைக் கட்டு" என்று வீட்டில் எல்லாரும் அவரைத்தான் திட்டினோம். கடைசியில் ஒரு டாக்டர் சி-பெப்டைடு எழுதிக்கொடுத்தார், கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. சாப்பிட்ட பிறகு எடுத்ததிலேயே 0.4தான், ரொம்பக் குறைவு. அவர் வாயில் ஒரு தப்பும் இல்லை, கணையம்தான் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, எச்பிஏ1சி எல்லாம் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்றுதான் சொல்லும். கணையம் சுரப்பது போதவில்லையா, இல்லை நிறையச் சுரந்தும் உடம்பு அதற்கு மசியவில்லையா என்பது அதில் தெரியாது. கணையத்தின் பீட்டா செல்கள் முதலில் புரோஇன்சுலின் என்ற ஒன்றைச் செய்கின்றன. அது உடையும்போது ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே ரத்தத்தில் இறங்கும். இன்சுலினில் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும், மீதியும் சில நிமிடங்களில் குறைந்துவிடும். சி-பெப்டைடு அரை மணி நேரம்போல நிற்கும். ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது என்பதால், ஊசி போடுகிறவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று இதில் தனியாகத் தெரிந்துவிடும்.

சரி, எடுப்பது எப்படி? வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுக்கலாம். அதே ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருக்கும்போது கணையம் தானாகவே அடங்கிவிடும், அப்போது வரும் குறைந்த எண்ணை நம்ப முடியாது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் இரண்டு வாரமாவது கழித்து எடுங்கள், ஏனென்றால் அந்த ஏற்றமே பீட்டா செல்களைச் சோர வைத்துவிடும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில லேப் முறைகளில் அது எண்ணையே மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று இருந்தால், சாப்பிட்ட பின் எடுத்ததில் 0.6-க்குக் கீழே என்றால் சுரப்பு மிகக் குறைவு, கணையம் சுரப்பதையே நிறுத்திவிடும் டைப் 1 வகையைச் சந்தேகிக்க வேண்டும். 1.8-க்கு மேல் என்றால் பெரும்பாலும், சுரந்தும் உடம்பு மசியாத டைப் 2. நடுவில் வந்தால் கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஆனால் நோய் வந்த புதிதில் டைப் 1 ஆட்களுக்கும் எண் நன்றாகவே இருக்கலாம், அதனால் ஒல்லியான உடம்பு, வேகமான எடைக்குறைவு, மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை என்றிருந்தால் எதிர்ப்புச் சக்தி பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி ஆன்டிபாடி டெஸ்டும் கேளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை மெதுவாக அழிக்கும் லாடா என்ற வகை இப்படித்தான் பெரியவர்களிடம் டைப் 2 போல ஒளிந்துகொள்கிறது. அண்ணனுக்கும் அதுதான்.

எண் கூடுதலாக இருந்தால் வேறு கதை. ஊசி போடாதவர்கள் வெறும் வயிற்றில் இன்சுலின் அளவும் பார்த்திருந்தால், சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுங்கள்: சர்க்கரை 130, இன்சுலின் 18 என்றால் 5.8 வரும். இதுதான் ஹோமா-ஐஆர், உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியாமல் இருக்கிறது என்று காட்டும் கணக்கு. இந்த அளவுக்கு வந்தால் சுரப்பு இருக்கிறது, உடம்புதான் மசியவில்லை. நடை, எடைக்குறைப்பு, மெட்ஃபார்மின் எல்லாம் வேலை செய்ய நிறைய இடம் இருக்கிறது.

எண் குறைவாக இருந்தால் கிளிமிபிரைடு போன்ற, கணையத்தைப் பிழிந்து சுரக்க வைக்கும் மாத்திரைகளைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை, இன்சுலின்தான் வேண்டும். அதைவிட முக்கியம், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரிப்போர்ட்டோடு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சுரப்பு குறைந்தவர்களுக்கு இவற்றால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே கூட, ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.