பல்கலைக்கழக ஆய்வகங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு: தென்னாப்பிரிக்காவில் பணியேற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பல்கலைக்கழகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பொறுப்பேற்கும் தமிழர்களில், இந்தியாவில் பயிற்சி பெற்று வருவோர் முதலில் தடுமாறுவது சட்டத்தில்தான். அங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தையே நோக்கிப் பழகியவர்களுக்கு, இங்கே பொறுப்பு இரு அமைப்புகளிடம் பிரிந்திருப்பது எளிதில் பிடிபடுவதில்லை. எக்ஸ்-கதிர்க் கருவிகளும் ஆய்வுக்கான செயற்கை ஐசோடோப்புகளும் (கதிர்வீச்சை வெளியிடும் தனிம வகைகள்) 1973-ஆம் ஆண்டின் அபாயகரப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றுக்கான உரிமத்தை இப்போது சாப்ரா என்னும் சுகாதாரப் பொருட்கள் ஒழுங்குமுறை ஆணையம் வழங்குகிறது. யுரேனியமும் தோரியமும் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய அணு ஒழுங்குமுறை அமைப்பின் பார்வைக்குரியவை. சாப்ராவின் உரிமம் கையில் இருப்பதாலேயே எல்லாம் முறைப்படி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் சாயமேற்றப் பயன்படும் யுரேனைல் அசிடேட்டும், வேதியியல் துறை அலமாரியில் பல்லாண்டாகக் கிடக்கும் தோரியம் நைட்ரேட்டும் சாதாரண வேதிப்பொருட்களாகவே பார்க்கப்படுவதால் இருப்புப் பதிவேட்டில் இடம்பெறாமல் போகின்றன. முதல் கணக்கெடுப்பின்போதே அந்த அலமாரிகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயினும் உடலுக்குக் கேடு விளைவிப்பது பெரும்பாலும் வேறொரு தவறு: எல்லா ஐசோடோப்புகளையும் ஒரே விதிக்குள் அடைப்பது. கதிர்வீச்சை ஒலியால் உணர்த்தும் கெய்கர் கருவியை மேசைமீது நகர்த்திப் பார்த்து, ஒலி எழவில்லை என்பதால் இடம் தூய்மையானது என்று கையெழுத்திடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிட்டியம் வெளியிடும் பீட்டாத் துகளின் உச்ச ஆற்றல் ஏறத்தாழ 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. அது கெய்கர் கருவியின் சாளரத்தைக்கூடக் கடக்காது. மேசையை வடிதாளால் துடைத்து, அந்தத் தாளை, கதிர்வீச்சை ஒளித்துடிப்பாக மாற்றி எண்ணும் திரவச் சின்டிலேஷன் எண்ணியில் வைத்தால்தான் உண்மை தெரியும். கார்பன்-14-ஐயும் கெய்கர் கருவி குறைந்த திறனோடுதான் கண்டறிகிறது. துடைப்புச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அதை மட்டும் நம்புவது ஆபத்தானது.

பாஸ்பரஸ்-32 இதற்கு நேர்மாறானது. அதன் பீட்டாத் துகள்கள் 1.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றல் கொண்டவை. காற்றில் சுமார் 6 மீட்டர் வரை செல்லக்கூடியவை. கனமான உலோகமே நல்ல தடுப்பு என்று எண்ணி நேரடியாக ஈயத்தை வைத்தால், துகள்கள் ஈயத்தில் தடைபடும்போது எக்ஸ்-கதிர்கள் பிறக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகையே முதல் தடுப்பாக இருக்க வேண்டும். ஈயம் தேவைப்பட்டால் அதற்கு வெளியே வரலாம். உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திய டோசிமீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்று ஆறுதல் அடைவதும் தவறு. குப்பியைப் பிடிக்கும் விரல்களில் ஏறும் அளவை அது அறியாது. மோதிர டோசிமீட்டரைக் கையுறைக்கு உள்ளே, உணரி கதிர்வீச்சு மூலத்தை நோக்கியிருக்குமாறு அணியச் செய்ய வேண்டும். முழு உடலுக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), கைகால்களுக்கு 500 என்று இரண்டு தனி வரம்புகள் இருப்பதற்கே இதுதான் காரணம்.

அயோடின்-125 இந்நாட்டில் தனிக் கவனம் கோருகிறது. புரதங்களில் அயோடினைச் சேர்க்கும் வேலையில் அது எளிதில் ஆவியாகித் தைராய்டில் தங்கும். ஆகவே அந்த வேலை, ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டின் காற்றோட்டத்தையே நம்பியிருக்கிறது. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருக்கும் நாளில், மின்விசிறிக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று பாராமல் மாணவரை வேலையைத் தொடங்கவிடுவது பொறுப்பின்மை. ஜெனரேட்டர் வெளிச்சத்துக்கும் கணினிக்கும் மட்டும் இணைக்கப்பட்டிருக்கக்கூடும். நேரில் சென்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சிந்திய அயோடின்-125 மீது பிளீச் ஊற்றுவது இன்னொரு பிழை. பிளீச் அதை ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றிவிடும். முதலில் சோடியம் தயோசல்பேட் கரைசலையே பயன்படுத்த வேண்டும்.

கழிவைப் பொறுத்தவரை, கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் அரை ஆயுட்காலம் பார்த்துப் பிரித்து வைப்பதே முக்கியம். 14.3 நாள் அரை ஆயுளுடைய பாஸ்பரஸ்-32 பத்து அரை ஆயுட்காலத்தில், அதாவது ஐந்து மாதத்துக்குள், ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே பையில் 5,730 ஆண்டு அரை ஆயுளுடைய கார்பன்-14 ஒரு துளி விழுந்தாலும் காத்திருந்து பயனில்லை.

மனிதர்களிடம் செய்யும் தவறும் உண்டு. ஒரு சிந்தலுக்குக் கடிந்துகொண்டால் அடுத்த சிந்தல் நம் காதுக்கு வராது. குறிப்பாக, பேராசிரியர் முன் வாய் திறக்கத் தயங்கி வளர்ந்த நம் மாணவர்கள் மௌனமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தெரிவித்தவருக்கு நன்றி கூறி, பிறகு காரணத்தைத் தேடுவதே சரியான முறை. கருவுற்ற ஆய்வாளர் அதைத் தெரிவித்தால் அவருடைய பணி பறிபோகாது, மாற்றியமைக்கப்படும் என்பதையும் முதல் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெறும் பேராசிரியரின் கதிர்வீச்சு மூலங்களைக் கவனியாது விடுவதும் பெரும் பிழை. மண்ணின் ஈரம் அளக்கும் பழைய நியூட்ரான் கருவிக்குள் அமெரிசியம்-பெரிலியம் மூலம் இருக்கக்கூடும். அமெரிசியம்-241-இன் அரை ஆயுள் 432 ஆண்டுகள். வடக்கு கேப் மாகாணத்து வால்புட்ஸில் கதிரியக்கக் கழிவிடம் இருக்கிறது என்பதற்காக அதை நேரே வண்டியேற்றிவிட முடியாது. விடைபெறு விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவித்து, மூலம் யார் பொறுப்பில் செல்கிறது என்பதை எழுத்தில் பெற்று, உரிமத்தில் பொறுப்பாளரின் பெயரையும் மாற்றிவிட வேண்டும்.