அரிக்கமேட்டுத் தோப்புக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்காயந்தோப்புப் பக்கம் பைக்குகள் வரிசையாக வந்தால், மண்ணுக்குள் புதைந்த பழைய வணிக ஊரான அரிக்கமேட்டை யாரோ தேடுகிறார்கள் என்று அர்த்தம். புதுச்சேரியிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். தண்ணீர், தொப்பி, ஷூ பற்றியெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

செங்கல் சுவரைப் பார்த்து ஏமாறுவது

தோப்பைத் தாண்டியதும் செங்கல் சுவர்கள் இடிந்து நிற்கும். உடனே ஒரு செல்ஃபி, 'ரோமானியர் கட்டியது' என்று ஒரு ஸ்டேட்டஸ். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் இருந்த கட்டடம். ரோமாபுரியோடு வணிகம் நடந்த பழைய ஊர் காலுக்குக் கீழே இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை மூடி வெகுகாலமாயிற்று. அதனால் முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு, அப்புறம் தோப்புக்கு வாருங்கள்.

சருகில் செருப்போடு நடப்பது

விரியன் இருக்கும்.

பானை ஓட்டை எடுத்துப் பையில் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு கல்லூரிப் பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "சார், இது ரோமனா?" என்று கேட்டான். சாம்பல் நிற ஓடு. உட்பக்கம் வட்டம் வட்டமாகச் சின்னச் சின்னக் குழிகள். எங்கே எடுத்தாய் தம்பி என்றால், "அங்கதான் சார், ஆத்தோரமா." கரை சரிந்த இடத்தில் பாதி மண்ணுக்குள் இருந்ததைக் குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறான். வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுத் தேய்த்து, பளபளப்புக்கு வார்னிஷ் வேறு!

இந்த வகை ஓட்டை வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தார். அது இந்தியாவிலேயே செய்தது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. 1989 முதல் 1992 வரை இங்கே தோண்டிய விமலா பெக்லி, வீலர் சொன்ன காலத்துக்கும் முன்பே ஊர் இருந்தது என்றார். எந்த மண் அடுக்கில், எதற்கு மேலே, எதோடு சேர்ந்து கிடந்தது என்று பார்த்துத்தான் இப்படியெல்லாம் சொல்ல முடிகிறது. பையனின் ஓட்டுக்கு இனி அடுக்கே கிடையாது. உட்பக்கம் ஏதாவது ஒட்டியிருந்தால், அந்தப் பாத்திரத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்பதையாவது ஆய்வகத்தில் பார்த்திருக்கலாம். அதையும் சோப்பு கொண்டுபோய்விட்டது.

கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இது அவர்கள் பாதுகாப்பில் உள்ள இடம்.

ஐப்பசி, கார்த்திகையில் போவது

வேண்டாம்.

மணி வாங்குவது

மழை விட்டதும் கண்ணாடி மணிகள் மேலே வந்து கிடக்கும். சின்னப் பிள்ளைகள் பொறுக்கிவந்து விலை சொல்வார்கள். 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படிப் பிள்ளைகளிடம் வாங்கியிருக்கிறார். அந்தக் காலம் வேறு. இன்று நீங்கள் வாங்கினால் நாளைக்குத் தோண்டியே எடுத்துவருவார்கள். வேண்டாம் என்றதும் பாதி விலைக்கு இறங்குவார்கள். அப்போதும் வேண்டாம்.