சிறுநீரக நுண்குழல் என்ன செய்கிறது? வரைந்து பார்க்கலாம்

நெஃப்ரான் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்ணிய அலகு) பாடத்தில் பலர் திணறுவது பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யப் பார்ப்பதால்தான். அதை விட்டுவிட்டு, சோடியம் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளும் கறுப்பு, நீலம், சிவப்புப் பேனாக்களும் போதும்.

படி 1: குழலை வரையுங்கள்

கறுப்பில் ஒரு கிண்ணம் (பௌமானின் கிண்ணம்), அடுத்து அண்மை சுருள் நுண்குழல், கீழே இறங்கி மேலே ஏறும் ஹென்லே வளைவு, சேய்மை சுருள் நுண்குழல், கடைசியாகச் சேகரிப்பு நாளம். பக்கத்திலேயே ஒரு ரத்தத் தந்துகி. கிண்ணத்தருகே '180 லிட்டர்' என்றும், நாளத்தின் அடியில் 'சுமார் 1.5 லிட்டர்' என்றும் எழுதுங்கள். இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் வடிகட்டுவது முதல் எண், சிறுநீராக வெளியேறுவது இரண்டாவது. உடலிலுள்ள பிளாஸ்மாவே மூன்று லிட்டர் அளவுதான். அதனால் வடிந்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப எடுத்தே ஆகவேண்டும்.

படி 2: ஒரே ஒரு செல்லைப் பெரிதாக வரையுங்கள்

அண்மை சுருள் நுண்குழலின் சுவரில் இருக்கும் செல் இது. இதில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான். இடப்பக்கம் வடிநீர், வலப்பக்கம் ரத்தம். வலப்பக்கச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைப் போடுங்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். செல்லுக்குள் சோடியம் குறைந்துவிடுகிறதா? உடனே வடிநீரிலிருக்கும் சோடியம் உள்ளே பாயும். அப்படிப் பாயும்போது எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்தி குளுக்கோஸையும் சேர்த்து இழுத்துவரும். அமினோ அமிலங்கள் நுழைவதும் பெரும்பாலும் இதே மாதிரிதான். இவற்றின் பின்னால் சவ்வூடு பரவலால் தண்ணீர் போகும். மூன்றில் இரண்டு பங்கு சோடியமும் தண்ணீரும் இந்தப் பகுதியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். நீல அம்புக்குறிகளால் காட்டுங்கள்.

படி 3: ஹென்லே வளைவு

இறங்கு குழலில் தண்ணீர் மட்டும் வெளியேறும். ஏறு குழலில் உப்பு வெளியேறும், தண்ணீர் வெளியேறாது. இதனால் சுற்றியுள்ள மெடுல்லா (சிறுநீரகத்தின் உட்பகுதி) உப்புச் செறிவாகிறது. ஃபுரோசமைடு மாத்திரை ஏறு குழலின் உப்புக் கடத்தியைத்தான் தடுக்கிறது. உப்பு குழலுக்குள்ளேயே நின்றுவிடுவதால் தண்ணீரும் நின்று சிறுநீர் அதிகமாகிறது.

படி 4: கடைசிப் பகுதி

இங்கே ஹார்மோன்களின் ஆட்சி. ஆல்டோஸ்டீரோன் வந்தால் சோடியம் கூடுதலாகத் திரும்பும். ஏடிஹெச் வந்தால் சேகரிப்பு நாளத்தில் தண்ணீர் வாயில்கள் திறக்கும், மெடுல்லாவின் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெயிலில் அலைந்த நாளில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது இதனால்தான்.

படி 5: சிவப்பு அம்புக்குறிகள்

சரி, இப்போது எதிர்த்திசை, அதாவது சுரத்தல். ரத்தத்திலிருந்து குழலுக்குள் ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம் (முக்கியமாகக் கடைசிப் பகுதியில்), பல மருந்துகள். பெனிசிலினை அண்மை நுண்குழல் வேகவேகமாகச் சுரந்து வெளியேற்றிவிடும். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அதைக் கொடுத்தபோது கையிருப்பு போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தினார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோய், அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தச் சுரப்பைத் தடுத்துப் பெனிசிலினை உடலில் நிறுத்திவைக்கும் புரோபெனிசிட் பிற்பாடுதான் வந்தது.

படி 6: கணக்குப் போடுங்கள்

வடிந்தது − உறிஞ்சியது + சுரந்தது = வெளியேறுவது.

நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகிறது. ரத்தச் சர்க்கரை 100 (அதாவது 100 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம்) என்றால் ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம், ஆக வடியும் குளுக்கோஸ் 125 மில்லிகிராம். நுண்குழல்களால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 375 மில்லிகிராம் வரை உறிஞ்ச முடியும் என்பதால் அத்தனையும் திரும்பிவிடும். சர்க்கரை 400 ஆனால் 500 வடியும், 375 திரும்பும். குளுக்கோஸுக்குச் சுரப்பு கிடையாது. மீதி 125 மில்லிகிராம் சிறுநீரில் போகும், போகிற வழியில் தண்ணீரையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயில் அடிக்கடி சிறுநீர் போவதும் தாகம் எடுப்பதும் இப்படித்தான்.