கையை விட்டதும் சாவி கிடைக்க: கைப்பை அடுக்கும் முறை

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. வெளியே மழை, கரண்ட் இல்லை, மூன்றாவது மாடி. கட்டைப்பையைக் கீழே வைத்துவிட்டு, சாவிக்காகக் கைப்பைக்குள் கையை விட்டேன். நீளமாக, சில்லென்று ஒன்று தட்டுப்பட்டது. சாவிதான் என்று இழுத்தால், மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்ட ஸ்பூன். அடுத்து சீப்பு வந்தது. அப்புறம் பேனா. கடைசியில் எதிர்வீட்டு அக்கா டார்ச் பிடிக்க, பையை வாசற்படியிலேயே கவிழ்த்தேன். கிழிந்த லைனிங்குக்குள் புகுந்து சுகமாகப் படுத்திருந்தது சாவி.

அதுவரை நானும் பையை அலமாரி மாதிரிதான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரியைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம். கைப்பையை யார் பார்த்து எடுக்கிறார்கள்? பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும், கண் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தேடும், எடுப்பது இன்னொரு கை மட்டும்தான். அந்தக் கைக்குத் தெரிகிற மாதிரி பை இருக்க வேண்டும். கீழே சொல்லப் போவது எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

தேவையானவை: பழைய செய்தித்தாள், நாலு சின்னப் பைகள் (எப்படிப்பட்டவை என்று பிறகு சொல்கிறேன்), ஊசி நூல், பழைய ஐடி கார்டுக் கயிறு ஒன்று. ஒரு மணி நேரம் போதும். கடையில் 'பேக் ஆர்கனைசர்' என்று பத்துப் பதினைந்து அறைகளோடு விற்கிறார்களே, அதை இப்போது வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அதுவே கால் கிலோ கனம், ஒரே ஒரு பைக்குத்தான் பொருந்தியது, எந்த அறையில் எதை வைத்தேன் என்று தேடுவது தனி வேலையாகிவிட்டது.

படி 1: கொட்டுங்கள்

செய்தித்தாளை விரித்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால், "இது இருக்கட்டும்" என்று பாதி உள்ளேயே தங்கிவிடும். எல்லா ஜிப்பையும் திறந்து, லைனிங்கை வெளியே இழுத்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் இப்போதே நாலு தையல் போட்டுவிடுங்கள். அப்புறம் என்று விட்டால் நடக்காது.

கொட்டுவதற்கு முன் பையை ஒருமுறை எடை போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது தண்ணீர் பாட்டிலோடு 3 கிலோ 400 கிராம் இருந்தது. வலது தோள் ஏன் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் பையிலிருந்து வந்தவை: பில்கள் பதினாறு, அதில் ஒன்பது வெறும் வெள்ளைத்தாள். கடையில் தரும் பில் பெரும்பாலும் சூட்டில் எழுத்து வரும் தாள். வெயிலும் எண்ணெயும் பட்டுச் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். மிக்ஸி, போன் என்று வாரண்டி உள்ள பில்லை வாங்கின அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் பொட்டு அட்டை, ஆதார் அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. எந்தக் கோயில் என்று நினைவில்லாத விபூதிப் பொட்டலம் ஒன்று பிரிந்து, சார்ஜர் ஒயரின் முனை வரைக்கும் பூசியிருந்தது. பிரசாதப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் சாமி அலமாரிக்கு மாற்றிவிடுவது சார்ஜருக்கும் நல்லது, விபூதிக்கும் நல்லது.

காலிப் பையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய விடுங்கள். ரெக்சின் பையாக இருந்தால் வெயிலில் போடவே வேண்டாம். வெயில் போதாதென்று, இப்படிப்பட்ட பல பைகளின் மேல்பூச்சு காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதையும் தன்மை கொண்டது. அதனால்தான் மழைக்காலம் முடிந்து பரணிலிருந்து எடுக்கும்போது செதில் செதிலாக உரிகிறது. உரிய ஆரம்பித்துவிட்டால் ஒட்ட முடியாது. உள்ளே இருக்கும் எல்லாவற்றின் மேலும் கறுப்புத் தூள் படியும். அந்தப் பையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

படி 2: நாலு குவியல்

தினமும் தொடுபவை ஒரு குவியல்: சாவி, போன், பணம், பயண அட்டை. தினமும் தொடாவிட்டாலும் இல்லையென்றால் தவித்துப் போகிறவை இரண்டாவது: மாத்திரை, நாப்கின், ஊக்கு, ஒரு ஜோடி ரப்பர் பேண்ட். மூன்றாவது, வீட்டில் இருக்க வேண்டியவை. நான்காவது குப்பை.

சண்டை வருவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான். ஒரு பொருளை எடுத்து, கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்று கேட்டுப் பாருங்கள். என் பையில் நூல்கண்டும் கத்தரியும் இரண்டு வருஷமாக ஊர் சுற்றின. அவசரத்துக்கு உதவியது ஒவ்வொரு முறையும் ஊக்குதான்.

சில்லறையையும் யோசிக்கலாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை; டீக்கடையில்கூட ஸ்கேன் செய்துவிடுகிறோம். அப்படியிருந்தும் பலர் பையில் ஒரு கைப்பிடி நாணயம் அடியில் கிடந்து கனக்கிறது. சொகுசுப் பேருந்து, பூக்காரம்மா, கோயில் வாசல் என்று நூறு ரூபாய்க்குச் சில்லறை போதும். மீதியை வீட்டு உண்டியலில் போடுங்கள்.

படி 3: தொட்டால் தெரிகிற பைகள்

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரப்படாதீர்கள்.

பாட்டியின் சுருக்குப்பை ஞாபகம் இருக்கிறதா? இடுப்பில் செருகியிருப்பார். பேச்சை நிறுத்தாமல், குனிந்து பார்க்காமல், வெற்றிலை தனியாக, பாக்கு தனியாக, மடித்த ரூபாய்த்தாள் தனியாக வெளியே வரும். ஒவ்வொன்றும் விரலுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். நாம் செய்யப் போவதும் அதுதான்.

நாலு சின்னப் பைகளும் நாலு விதமான துணியில் இருக்கட்டும். ஒரே கடையில் ஒரே மாதிரி செட்டாக வாங்கினால் பார்க்க அழகு, கைக்கு எல்லாம் ஒன்றுதான். என்னுடையவை இப்படி: பணமும் கார்டும் பழைய ஜீன்ஸ் துணியில், சொரசொரவென்று இருக்கும். மாத்திரை, நாப்கின் வகையறா பட்டு ரவிக்கைத் துண்டில், வழவழவென்று. சார்ஜர், இயர்போன் வலைப்பையில். சீப்பு, பொட்டு, ஊக்கு போன்ற அலங்காரச் சாமான் எல்லாம் கெட்டியான ஜிப் உள்ள ரெக்சின் பர்ஸில். டெய்லரிடம் கேட்டால் வெட்டுத்துண்டு சும்மாவே கொடுப்பார். மேலே ஜிப் வைத்துத் தைக்கத்தான் கூலி.

அளவு? உள்ளங்கையை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் போனால் அதற்குள்ளேயே தேட வேண்டி வரும்.

மாத்திரையில் ஒரு விஷயம். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தைக் கடைசி வரை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து கிழியுங்கள். பெயரும் தேதியும் இல்லாத வெள்ளை மாத்திரை தலைவலிக்கா வயிற்றுவலிக்கா என்று நடுவழியில் யாராலும் சொல்ல முடியாது.

படி 4: சாவிக்குக் கயிறு

பழைய ஐடி கார்டுக் கயிற்றில் கொக்கி இருக்கும் பக்கமாக ஒரு முழம் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டின முனையைப் பையின் உட்புறம், வாய்ப்பக்கத் தையலோடு சேர்த்து அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். கொக்கியில் சாவிக்கொத்தை மாட்டுங்கள். இனி சாவியைத் தேட வேண்டாம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிணற்று வாளி மாதிரி மேலே வரும். ஒரு முழம் இருப்பதால் கழற்றாமலே பூட்டைத் திறக்கலாம்.

ஐந்தே நிமிஷ வேலை. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

படி 5: உள்ளே வைக்கும் முறை

கனமானது உடம்பை ஒட்டிய பக்கம், அடியில். தண்ணீர் பாட்டில் நிமிர்ந்து ஓரமாக நிற்கட்டும். படுக்க வைத்தால் என்ன மூடி போட்டாலும் ஒருநாள் கசியும். டிபன் பாக்ஸ் கைப்பைக்குள் வரவே கூடாது என்பது என் கட்சி. ரசத்தில் ஊறிய சார்ஜரை ஒருமுறை பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதற்குத் தனிப்பை வையுங்கள்.

நாலு சின்னப் பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். ஜீன்ஸ் பை உடம்புப் பக்கம், ரெக்சின் வெளிப்பக்கம். இடத்தை மாற்றாதீர்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

பவர் பேங்கும் சாவியும் ஒரே இடத்தில் கிடக்கக் கூடாது. சாவியோ நாணயமோ அதன் துளையில் உரசினால் ஷார்ட் ஆகிச் சூடாக வாய்ப்பு உண்டு.

வெளி ஜிப்பில் போன் மட்டும், அல்லது பயண அட்டை மட்டும். கூட்டத்தில் வெளி ஜிப் உங்கள் உடம்பைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் தொங்கும் பையில் வெளி அறை என்பது அடுத்தவருக்குத் திறந்து வைத்த உண்டியல்தான். சாயங்காலம் வாங்கும் இரண்டு முழம் மல்லியை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். தலையில். இல்லையென்றால் கட்டைப்பையின் மேலே. கைப்பைக்குள் வைத்தால் வாழையிலையின் ஈரம் ரூபாய்த்தாளில் ஏறும்.

படி 6: தொலைந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வையுங்கள்

ஜீன்ஸ் பையைத் திறந்து, இது இன்றைக்கே தொலைந்தால் என்னென்ன போகும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு மூன்று வங்கி அட்டைகள், அசல் ஆதார், லைசென்ஸ், கூடவே ஒரு தாளில் பின் நம்பர். அந்தத் தாளை அன்றே கிழித்தேன்.

ஒரே ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். தட்டினாலே பணம் போகும் அட்டைகளில் 2021 ஜனவரியிலிருந்து ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே செலுத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எடுத்தவன் கையிலும் அது அப்படியே வேலை செய்யும். உங்கள் வங்கியின் ஆப்பில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம், வரம்பைக் குறைக்கவும் செய்யலாம். லைசென்ஸ், ஆர்சி இரண்டும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தால் போதும். அதைக் காட்டினால் செல்லும். ஆதார் நகல் வேண்டுமென்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' நகலை எடுத்து வையுங்கள்.

அப்புறம், வங்கியின் அட்டை முடக்கும் எண்ணையும் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். போனில் வைத்திருக்கிறேன் என்பார்கள். பையோடு போனும்தானே போகும்?

கட்டைப்பைக்கு

கட்டைப்பையின் குணம் வேறு. அதற்கு அடி தட்டையாக இருப்பதுதான் எல்லாம். புடவைப் பெட்டியின் அட்டையை அளவுக்கு வெட்டி அடியில் போடுங்கள். வைத்த பொருள் நடுவில் சரிந்து குவியாது. உருளை, வெங்காயம் அடியில். கீரையும் தக்காளியும் மேலே. முருங்கைக்காய் தலை நீட்டிக்கொண்டு நிற்பதை யாராலும் தடுக்க முடியாது. பருப்பு, சீனி வாங்கும் நாளில் உள்ளே இரண்டு மஞ்சப்பை வைத்து மளிகையையும் காய்கறியையும் பிரித்துவிட்டால், வீட்டில் எடுத்து வைக்கிற வேலை பாதியாகும்.

கைப்பையிலும் ஒரு மஞ்சப்பை எப்போதும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். கடையில் துணிப்பைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். மடிக்கிற விதம்: பையை நீளவாக்கில் மூன்றாக மடித்து ஒரு பட்டையாக்குங்கள். அடிமுனையிலிருந்து சமோசா மடிப்பது போல முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், காதுப் பகுதியைக் கடைசி மடிப்புக்குள் செருகிவிடுங்கள். பிரியாது. முக்கோணமாக இருப்பதால் கைக்கும் உடனே தெரியும்.

வியாழன் சாயங்காலம்

வெள்ளிக்கிழமைக்காக வியாழனன்று வீடு துடைக்கும் பழக்கம் உள்ள வீடு எங்களுடையது. வாளியை எடுக்கும்போதே பையையும் கவிழ்த்துவிடுகிறேன். பில், சாக்லேட் தாள், பார்க்கிங் சீட்டு என்று ஒரு கைப்பிடி வரும். மூன்று நிமிஷம். வெள்ளிக்கிழமை பணப்பையைக் காலி செய்தால் அம்மா திட்டுவார் என்பதும் ஒரு காரணம். இப்போது பையின் எடை 1 கிலோ 900.

பை மாற்றும் நாளில்தான் இந்த முறையின் அருமை தெரியும். கல்யாணத்துக்குச் சின்னப் பர்ஸ் எடுத்துப் போகும்போது ஜீன்ஸ் பையும் பட்டுப் பையும் மட்டும் அதற்கு மாறும். மற்ற இரண்டும் ஆணியில் தொங்கும் பழைய பையிலேயே இருக்கும். சாவியை மட்டும் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். ராத்திரி திரும்பி வந்ததும், நகையைக் கழற்றுவதற்கு முன்னால், அதை மறுபடியும் கொக்கியில் மாட்டிவிடுங்கள். மறுநாள் காலை அவசரத்தில் விட்டுப்போவது அதுதான்.