டேங்க் நிரம்பினால் நிற்கும் பைக்: என் அனுபவம்

நண்பர்களோடு ஏலகிரி கிளம்ப வேண்டிய நேரத்தில் என் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் தொல்லை கொடுத்தது. சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) வேகமாகப் போனால் முட்டுக்காடு தாண்டுவதற்குள் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரங்கட்டினால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை.

பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டர் சுத்தம் செய்தாச்சு, ஃபில்டரும் புதுசு. ஒன்றும் சரிவரவில்லை. அடுத்து பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றலாம் என்றார் மெக்கானிக்.

கவனிக்க வேண்டியது இதுதான்: டேங்க் நிரம்பியிருந்தால் சீக்கிரமே நின்றது, பாதி இருந்தால் வெகுதூரம் ஓடியது. நின்ற உடனே மூடியைத் திறந்து பார்த்தேன், ‘உஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தது! மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறைந்து கடைசியில் கார்புரேட்டருக்குப் போதுமான பெட்ரோல் வராது. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பழைய கிளட்ச் கேபிளில் ஒரு இழையைப் பிரித்துத் துளைக்குள் விட்டேன், இறுகிப்போன மண் பொடிப்பொடியாக வந்தது. அப்புறம் பஞ்சர் கடையில் காற்றடித்தேன். அப்பாடா! ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறிவிட்டது.