மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸடித்த கார்

வெயிலில் ஒரு குறையும் இல்லாத என் பழைய பெட்ரோல் கார், சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் காலையில் குலுங்கும், மிஸ்ஸடிக்கும் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகும்), இன்ஜின் சூடேறியதும் சரியாகிவிடும், அதனால் மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது ஒன்றும் தெரியாது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0302, அதாவது மிஸ்ஸடிப்பது இரண்டாவது சிலிண்டர். அதில் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக் நன்றாகத்தான் இருந்தது. சரி, ஈரத்தை நாமே கொடுத்துப் பார்ப்போம் என்று இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடுகிற இன்ஜினின் பிளக் ஒயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தேன் (கை வைத்துவிடாதீர்கள், 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும்). இரண்டாவது ஒயரின் ரப்பர் மூடியிலிருந்து நீலப் பொறி டிக் டிக்கென்று இன்ஜின் மேல் தாவியது. பகலில் பார்த்தால் மயிரிழை விரிசல். நான்கு ஒயரையும் மாற்றிவிட்டேன், மற்றதுக்கும் அதே வயசுதானே. அப்புறம் மூடிகளுக்குள் ஈரம் புகாமலிருக்கக் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். அடுத்த மழையில் குலுக்கல் இல்லை.